நகராத காரில் ஒரு கொலை

செத்தவனின் அப்பா எங்களைக் கூப்பிட்டது கொலைகாரனைக் கண்டுபிடிக்க அல்ல. கொலைகாரி யார் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். அது தன் மருமகள்தான் என்றும், போலீஸ் அவளை உள்ளே வைத்துவிட்டது என்றும், ஆனால் அவளுக்கு வந்திருக்கும் வக்கீலம்மா பெரிய வாய்க்காரி என்பதால் நாளைக்குக் கோர்ட்டில் தப்பித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்றும் போனில் சொன்னார். அவள் இருக்கும் அறைக்கு வெளியிலிருந்து இன்னொரு தாழ் போடத்தான் நாங்கள் தேவைப்பட்டோம்.

நாங்கள் என்றால் மேடமும் நானும். மேடம் ஒரு காலத்தில் விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி. நசுங்கின லாரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, டிரைவர் தூங்கினானா, குடித்தானா, பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்தானா என்று சொல்லிவிடுவார். ஐம்பதைத் தாண்டிவிட்டார். சிரிப்பது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் அடுத்தவர் மாட்டிக்கொள்ளும்போது. நான் முன்பு டூப்ளிகேட் சாவி போடும் கடை வைத்திருந்ததால் என் பெயரே சாவி என்று ஆகிவிட்டது. கதவு திறப்பது, கார் ஓட்டுவது, யாரும் சிரிக்காத இடத்தில் பேசுவது, இவை மூன்றும் என் உத்தியோகம்.

வீட்டுக்குப் போனோம். அப்பாக்காரர் ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். தெருவே அவரை டிரைவர் ஐயா என்கிறது. ஹாலில் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே அவருடைய நாற்காலி. தன் சர்வீஸில் ஒரு நாள்கூட வண்டியை ஒரு நிமிஷம் முந்தியும் எடுத்ததில்லை, பிந்தியும் எடுத்ததில்லை என்பதை நாங்கள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார். மகன் செத்து நான்கு நாள் ஆகிறது. அதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

செத்தவன் மூத்தவன், வெல்டர். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் முற்றம். அதைத் தாண்டித் தகர ஷெட். அந்த ஷெட்டில் இரண்டு வருஷம் உழைத்து அவன் ஒரு காரைக் கட்டினான். சக்கரம் இல்லாத, ஓரடிகூட நகராத கார். கம்ப்யூட்டரில் ரேஸ் விளையாடுவார்களே, அதற்கு. திரையில் கார் வளைந்தால் இங்கே சீட்டும் சாயும். திரையில் பிரேக் போட்டால் இங்கே ஆள் முன்னால் சரிவான்.

"மலைப் பாதையில அறுபது பேரை ஏத்திட்டு இறங்கினவன் நான்," என்றார் டிரைவர் ஐயா. "எனக்குப் பொறந்தது பொம்மை கார்ல உக்காந்து ஆடிச்சு. அந்த ஷெட்டுக்குள்ள நான் காலே வெச்சதில்லை."

மருமகள் மேல் அவருக்கு இருந்த கோபம் மகன் மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவள் வாயாடி. மரியாதை தெரியாதவள். சம்பவத்தன்று காலையில்கூட, ஒரு நாள் அந்த மெஷினையும் உங்களையும் சேர்த்துத் தெருவில் தூக்கிப் போடுகிறேன் என்று புருஷனிடம் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீடுகளே சாட்சி. சாயங்காலம் ஷெட்டுக்கு டீ கொண்டுபோனதும் அவள்தான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை என்று பார்க்கப் போய் அலறியதும் அவள்தான். பின்பக்கம் போனது அவள் ஒருத்திதான் என்று தானே போலீஸிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அவர் பேசப் பேச நான் ஹாலை மேய்ந்தேன். நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. ஐந்து சுவிட்சுகள். நான்கு மஞ்சளேறிப் பழுத்திருந்தன. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இந்த வீட்டில் இது ஒன்றுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் போல என்று மேடத்தின் காதில் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் சுவிட்சைப் பார்த்தார்.

இளையவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மருந்துக்கடையில் வேலை. குள்ளமான ஆள், படிய வாரின தலை, பேச்சில் ஒரு பணிவு. அண்ணன் செத்த நேரத்தில் தலைவலி என்று முன் அறையில் படுத்திருந்தானாம். மெஷினைப் பற்றிக் கேட்டால் கையை விரித்தான். அண்ணன் யாரையும் அதைத் தொட விட்டதில்லை, தனக்கும் அதெல்லாம் புரியாது, ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை என்றான். அண்ணன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினான். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் பாவமாகத்தான் இருக்கும், அதனால்தான் நான் அசிஸ்டெண்ட்.

ஷெட்டுக்குப் போனோம். முற்றத்தைக் கடக்கப் பத்தடிகூட இல்லை.

மெஷின் என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. தரையில் ஒரு இரும்புச் சட்டம். அதன் நான்கு மூலையிலும் நான்கு கால்கள். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு திருகு, அதைச் சுழற்ற ஒரு மோட்டார். கால்களின் மேல் இன்னொரு சட்டம், அதன் மேல் ஏதோ விபத்துக் காரிலிருந்து கழற்றின சீட், ஸ்டியரிங், பெடல்கள், எதிரே மூன்று திரைகள். வெல்டிங் ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி. இவ்வளவு நல்ல கைகள் இருந்தவன் செத்துப்போனான் என்று எனக்குச் சட்டென்று வருத்தம் வந்தது.

கிறீச் என்று சத்தம் வருகிறது என்று அவன் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே தலையைக் கொடுத்துப் படுத்துப் பார்த்திருக்கிறான். மேல்சட்டம் கழுத்தில் இறங்கிவிட்டது. போலீஸ் சொல்லும் கதை சுலபமானது: அவன் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கீழே படுத்தான். டீ கொண்டுவந்த பெண்டாட்டி அந்த முட்டுக் குழாயை உருவிவிட்டாள். குழாயில் அவளுடைய கைரேகை. அவனை வெளியே எடுக்க நெம்பிப் பார்த்தேன் என்று அவள் சொல்கிறாள், யாரும் நம்பவில்லை.

குழாய் இன்னும் மூலையில் கிடந்தது, போலீஸ் சீட்டு ஒட்டி. மேடம் அதைக் குனிந்து பார்த்தார். ஒரு முனையில் வளைந்திருந்தது.

"உருவி எடுத்த முட்டு வளையுமா, சாவி?"

வளையாது என்றேன். நெம்பினால்தான் வளையும்.

பிறகு என்னை மெஷின் மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். நான் என் எடையைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. இரண்டு தடவை நன்றாகக் குதித்தேன். மெஷின் இம்மிகூட இறங்கவில்லை. அன்றைக்குத் தீயணைப்பு ஆட்கள் நான்கு காலையும் கையால் திருகி உயர்த்தித்தான் உடலை வெளியே எடுத்தார்களாம். உயர்த்தின இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. காருக்குப் பஞ்சர் போடும்போது வைக்கிற ஜாக்கி மாதிரிதான், திருகினால் ஒழிய இறங்காது என்றார் மேடம். இறங்கவே இறங்காத மெஷினுக்கு முட்டு எதற்கு? முட்டே இல்லையென்றால் அவள் எதை உருவினாள்?

ஆக, மோட்டார்தான் இறக்கியிருக்கிறது. மோட்டாரை யார் ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

"சீட்ல உக்காரு," என்றார் மேடம்.

உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. சீட் தன் ரெயிலில் முன்கோடிவரை இழுக்கப்பட்டிருந்தது. ஆணியில் வெல்டரின் சட்டை தொங்கியது. அதை எடுத்து எனக்கு வைத்துப் பார்த்தேன். என் தொடைவரை வந்தது. அத்தனை உயரமான ஆள் இந்த சீட்டில் உட்கார்ந்திருந்தால் முழங்காலைத் தாடையில்தான் வைத்திருக்க வேண்டும். கடைசியாக இதில் உட்கார்ந்தவன் அவன் இல்லை, யாரோ ஒரு குள்ளமான ஆள்.

மேடம் ஹாலுக்குத் திரும்பினார். ஸ்டேஷனுக்குப் போய் மருமகளைப் பார்க்க வேண்டும், சாவிக்கு இந்தப் பக்கம் வழி தெரியாது, தம்பி கொஞ்சம் எங்கள் வண்டியை ஓட்டிவர முடியுமா என்று இளையவனைக் கேட்டார். எனக்கு வழி நன்றாகத் தெரியும். இருந்தாலும் மேடம் பொய் சொல்லும்போது நான் முட்டாளாக இருப்பது எங்கள் ஒப்பந்தம்.

எங்கள் வண்டி கிளட்ச் இல்லாதது. ஆக்ஸிலேட்டர், பிரேக், இரண்டே பெடல். இளையவன் பதவிசாகத்தான் ஓட்டினான். மேடம் பின்னால், நான் முன்னால், பழக்கம் இல்லாத இடத்து சீட்டில். ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். இளையவன் பிரேக் போட்டான். போட்டான் என்பது சின்ன வார்த்தை. வண்டி நின்ற வேகத்தில் என் மூக்கு முன்னாலிருந்த பலகையில் மோதி, தலை கீழே போய்விட்டது. அப்படித் தலைகீழாக இருந்ததால்தான் அவனுடைய கால்களைப் பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது இடது கால்.

ஸ்டேஷன் வாசலில் அவனை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இறங்கினோம். மூக்கைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"தெருவில கார் ஓட்டறவங்க ரெண்டு பெடலையும் வலது காலாலயே மாத்தி மாத்தி மிதிப்பாங்க," என்றார் மேடம். "ரேஸ் மெஷின்ல ஓட்டிப் பழகினவனுக்குப் பெடலுக்கு ஒரு கால். அதுல பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஏறி மிதிச்சாதான் கேக்கும். அவசரத்துல அந்தப் பழக்கம்தான் முன்னால வரும். ஒரு தடவைகூட உக்காந்ததில்லைன்னு சொன்னான், பாத்தியா."

அதைக் கண்டுபிடிக்க என் மூக்குதான் கிடைத்ததா என்று கேட்டேன். மூக்கு உள்ள அசிஸ்டெண்ட் கிடைப்பது கஷ்டம் இல்லை என்றார்.

மருமகள் உயரமானவள். நான்கு நாளில் கண்கள் குழிக்குள் போயிருந்தன, ஆனால் வாய் அப்படியே இருந்தது. நாங்கள் மாமனார் அனுப்பின ஆட்கள் என்றதும், தூக்குக் கயிறுக்கு அளவெடுக்க வந்தீர்களா என்று கேட்டாள். மேடம் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். அவள் கொஞ்சம் திகைத்துப்போனாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டு வழக்கத்தை அவள் சொன்னாள். ஷெட்டுக்குப் போகும் கரண்ட் முழுவதும் ஹாலில் மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுவிட்ச் வழியாகத்தான். ஊரில் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கும், அந்த சுவிட்சை அணைத்தால்தான் ஷெட் இருளும். மகன் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பான், கூப்பிட்டால் விழாது என்பது மாமனாரின் கட்சி. அதனால் ராத்திரி எட்டு மணி அடித்ததும் அவர் எழுந்திருக்க மாட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவார். திரை செத்துப் பிழைக்கும். மகன் எழுந்து சாப்பிட வருவான். இரண்டு வருஷமாக இதுதான் நடந்தது.

"மனுஷனைப் போய் இப்படிக் கூப்பிடறீங்களே, நடந்து போய்க் கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்," என்றாள். "அதுக்குத்தான் நான் மரியாதை தெரியாதவ."

அன்றைக்கு?

அன்றைக்கு ஒரு விசேஷம் நடந்தது என்றாள். அடுப்பில் இருந்தது கொதிக்கக்கூட இல்லை, எட்டு அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது, அதற்குள் மாமனார் சுவிட்சைத் தட்டிவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எதையும் நேரத்துக்கு முன்னால் செய்து அவள் பார்த்ததில்லை. புருஷன் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவளை அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை.

மேடம் எழுந்து நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து யாருக்கோ போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசினார். இந்த மாதிரி மெஷின் கட்டுகிற இன்னொரு ஆளிடம் ஒரு சந்தேகம் கேட்டதாகச் சொன்னார். என்ன சந்தேகம் என்பதைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். திடீரென்று வழி தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேடம் டிரைவர் ஐயாவிடம், ஷெட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்ய வேண்டும், நான் குரல் கொடுத்ததும் நீங்கள் ராத்திரி சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றார். இதனால் மருமகளுக்கு எதிராக என்ன கிடைக்கும் என்று அவர் கேட்டார். உண்மை கிடைக்கும் என்றார் மேடம். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேர். போலீஸ் கழற்றிப் போட்ட மெஷினின் பிளக் சுவரோரம் கிடந்தது. விளக்கு அணைந்ததும் அதைச் சொருகு என்று எனக்கு முன்பே உத்தரவு. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, வெல்டரின் தலை இருந்த இடத்தில், மேடம் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். இளையவன் அது எதற்கு என்று கேட்கவில்லை. கீழ்ச்சட்டத்தில் ஒரு காலை ஊன்றி, மேல்சட்டத்தில் கை வைத்துச் சாய்ந்து நின்றிருந்தான். அவன் நின்ற மாதிரியே நானும் ஒரு காலைக் கீழ்ச்சட்டத்தில் வைத்துக்கொண்டேன், பிளக் கைக்கு எட்டும் இடத்தில்.

மேடம் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

விளக்கு அணைந்தது. பிளக்கைச் சொருகினேன். அந்த இருட்டில் என் பக்கத்தில் செருப்பு சரக் சரக்கென்று இரண்டு தடவை தரையைத் தேய்த்தது. அதே நேரம் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். விளக்கு வந்தது. நான்கு மோட்டாரும் உறுமின. மேல்சட்டம் விறுவிறுவென்று அடிவரை இறங்கியது. வாளி படார் என்று உடைந்து அப்பளமாய்ப் போனது. அடிவரை போய்த் தட்டிவிட்டு, மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி மெல்ல எழுந்து பழைய உயரத்தில் நின்றது.

என் கால் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தேன். காலர் மேடத்தின் கையில் இருந்தது. இளையவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"கரண்ட் போய் வந்தா இந்த மெஷினுக்குத் தான் எந்த உயரத்துல இருக்கோம்னு மறந்துடும்," என்றார் மேடம். "அடிவரைக்கும் இறங்கித் தரையைத் தொட்டுட்டுத்தான் மறுபடி கணக்கு ஆரம்பிக்கும். அன்னிக்கு அடியைத் தொட முடியாம கழுத்து மேலயே நின்னுடுச்சு. சாவிக்கு இது தெரியாது, அதான் காலை எடுக்கலை. மெஷினைத் தொட்டதே இல்லாத நீங்க விளக்கு அணைஞ்ச உடனே காலை எடுத்துட்டீங்க, தம்பி."

அவன் பதில் சொல்லுமுன் வாசலில் நிழல் விழுந்தது. சத்தம் கேட்டு டிரைவர் ஐயா வந்திருந்தார். மகன் உயிரோடு இருந்தவரை நுழையாத ஷெட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தார். உடைந்த வாளியைப் பார்த்தார். அது வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் வண்டி ஓட்டினவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்றாலும், வாய் மட்டும் கேட்டது.

"நான் என்ன செஞ்சேன்? சாப்பிடத்தானே கூப்பிட்டேன்."

"அன்னிக்கும் அதைத்தான் செஞ்சீங்க," என்றார் மேடம்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மேடத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நசுங்கின வண்டிக்கு முன்னால் நின்று பேசுகிற அதே குரலில் தொடர்ந்தார். உங்கள் மகன் எட்டு மணியை ஒட்டி இதற்கு அடியில் போகவே மாட்டார், கரண்டைத் தட்டுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். மற்ற நேரத்தில் தைரியமாகப் படுப்பார். ஏனென்றால் நீங்கள் ஒரு நிமிஷம்கூட முந்தமாட்டீர்கள்.

"உங்க நேரத்தை நம்பித்தான் அவர் இதுக்கு அடியில தலையை வெச்சார். அன்னிக்கு மட்டும் ஏன் முந்தினீங்க?"

டிரைவர் ஐயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பார்வை மெதுவாகத் திரும்பி இளையவனிடம் போய் நின்றது.

"இவன்தான் சொன்னான்," என்றார். "பின்பக்கம் போயிட்டு வந்து சொன்னான். அண்ணன் விளையாடிட்டே இருக்கான், எனக்குத் தலைவலி, சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கணும், கூப்பிடுங்கப்பான்னு."

விளையாடிக்கொண்டிருந்தவன் மெஷினுக்கு அடியில் எப்படிப் படுத்திருந்தான் என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. பின்பக்கம் போனது மருமகள் ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்தீர்களே என்று மட்டும் மேடம் கேட்டார். இளையவன் போனதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்றார் கிழவர்.

இளையவன் அழவில்லை. மூக்கையும் உறிஞ்சவில்லை. இவ்வளவு நேரம் இருந்த பணிவு கழன்று விழுந்ததும் ஆளே ஒரு சாண் உயரமாகிவிட்ட மாதிரி தெரிந்தான். பேச ஆரம்பித்தான், ரொம்ப நாளாகப் பேச ஆள் தேடினவன் போல. அண்ணனுக்கு மெஷின் கட்டத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. அண்ணன் வெளியே வேலைக்குப் போகிற நேரமெல்லாம் உட்கார்ந்து ஓட்டினது இவன். ஆனால் விளையாட்டில் இருந்த பெயர் அண்ணனுடையது. ஒரு ரேஸ் கம்பெனி அந்தப் பெயரின் வேகத்தைப் பார்த்து, நிஜ ரேஸ் காரை ஓட்டிக் காட்ட வரச்சொன்னது. அது நான்தான் ஓட்டினது, நான் போகிறேன் என்று இவன் கேட்டான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

"உன் கால் நிஜக் கார்ல பெடலுக்கு எட்டுமாடா, வேணும்னா என் ஹெல்மெட்டைத் தூக்கிட்டு வான்னு சொன்னான்," என்றான். "மறுநாள் அதையே சொல்லி அப்பாவையும் சிரிக்க வெச்சான். ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மைதான் என்று எனக்குப் புரிந்தது.

மேடம் அவனைப் பார்த்து, இதை இன்ஸ்பெக்டரிடமும் சொல்லுங்கள் என்றார். அவன் சிரித்தான்.

"நான் ஏன் சொல்லணும்? சீக்கிரம் சாப்பிடணும், கூப்பிடுங்கன்னேன். அது குத்தமா? சுவிட்ச் மேல என் விரல் படலை. பட்டது அப்பா விரல்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. "யோசிச்சுப் பாருங்கப்பா. என்னைக் காட்டிக் கொடுக்கணும்னா, பெத்த புள்ளையை நான்தான் நசுக்கினேன்னு முதல்ல நீங்க ஊருக்குச் சொல்லணும். சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது. அவ வெளிய இருந்து வந்தவ. உங்களுக்கு மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான்."

மேடத்தால் அவனை அசைக்க முடியாது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு இடது கால், இருட்டில் கேட்ட செருப்புச் சத்தம், உடைந்த வாளி. இதை வைத்து நாளைக்கு எந்தக் கோர்ட்டும் அவளை விடாது. அவள் வெளியே வருவதும் உள்ளேயே கிடப்பதும் இந்தக் கிழவர் வாயைத் திறப்பதில்தான் இருந்தது. இத்தனைக்கும் அவளை உள்ளே வைக்கத்தான் எங்களைக் கூட்டி வந்தவர் அவர். அந்த நிமிஷத்தில் பத்து காசு பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் அவள் பக்கம் கட்டியிருக்க மாட்டேன்.

கிழவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஸ்டேஷனுக்குப் போகணும்," என்றார் மேடத்திடம். "நடந்தே போறேன்."

"அப்பா," என்றான் இளையவன். முதல் தடவையாக அவன் குரல் உடைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் மேடம் வெளியே வந்துவிட்டார், நானும் வந்துவிட்டேன். தாழ் போடத்தானே எங்களைக் கூப்பிட்டார்கள், ஷெட் கதவை இழுத்துச் சாத்தி வெளியிலிருந்து போட்டேன். உள்ளே அவனும் அந்த மெஷினும் இருந்தார்கள். அவன் கதவைக் கையால் தட்டினான், பிறகு காலால் உதைத்தான். உதைத்தது எந்தக் கால் என்று எனக்குத் தெரியாது.

நான் அங்கேயே காவலுக்கு நின்றேன். போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். கிழவர் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். தன் விரலை முதலில் சொல்லி, இளையவன் சொன்னதைப் பிறகு சொல்லி, பொய்யாக எழுதிக் கொடுத்ததைக் கடைசியில் சொல்லி. இன்ஸ்பெக்டருக்கு நாளைக்கு யாரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது என்ற குழப்பம். மேடம் அதைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார்.

மருமகளை வெளியே அழைத்து வந்தார்கள். நடந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிழவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். மன்னிப்புக் கேட்பாரோ என்று பார்த்தேன். கை கூப்ப ஆரம்பித்து, அந்த வலது கை அவளுக்குத் தெரியக் கூடாது என்பது போல முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வாயால கூப்பிட்டா அவனுக்குக் காதுல விழாதும்மா," என்றார். "அதனாலதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வழக்கமான அந்த வாயாடிக் குரல்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

"ஒரு நாளாவது வாயால கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா மாமா?"